இருவர் வீட்டுக்கு இருபத்தாறு கிலோ

மிச்சம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. செலவாகாமல் கையில் தங்கும் பணமும் மிச்சம். உண்ணப்படாமல் பாத்திரத்தில் தங்கும் சோறும் மிச்சம். மாதச் சாமான்களை மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று நமக்கு நாள்தோறும் எடுத்துரைப்போர் இவ்விரண்டில் எதைச் சொல்கின்றனர்? விளம்பரம் சொல்வது முதற் பொருளை. இருவரும் ஒருவருமாகச் சுருங்கிவிட்ட நம் வீடுகளின் அடுக்களையில் பெரும்பாலும் நிகழ்வதோ இரண்டாவது.

நாம் பேசுவது பெரிய குடும்பங்களைப் பற்றியன்று. விடுதிப் பிள்ளைகள் அறுபது பேருக்கு மூன்று வேளையும் உலை வைக்கும் கன்னியர் இல்லத்தில் மூட்டை மூட்டையாக அரிசி வந்து இறங்குவதில் யார் குற்றம் காண முடியும்? அங்கே ஒரு மூட்டை இரண்டு நாள் தாங்கினால் அதிகம். நம் கவலை வேறு வீடுகளைப் பற்றியது. மகன் துபாயிலும் மகள் பெங்களூரிலுமாக இருக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உண்ணும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர். கணவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து, தனக்கென ஒரு கைப்பிடி அரிசி களையும் கைம்பெண். வாடகை அறையில் தங்கி இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர். ஏன், சமையற்காரர் வராத நாளில் பங்கு இல்லத்தில் தாமே கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் பங்குத்தந்தையுந்தான். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேர் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8. வீடு சிறுத்துக்கொண்டே வருகிறது. பொட்டலமோ பெருத்துக்கொண்டே வருகிறது.

மொத்தமாக வாங்குவதில் இன்பமே இல்லை என்று நாம் பொய் சொல்லமாட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் பேரங்காடிக்குச் சென்று, தள்ளுவண்டி வழிய வழியச் சாமான்களை அடுக்கி, ஆட்டோவில் ஏற்றி வந்து, எவர்சில்வர் டப்பாக்களை வெயிலில் காயவைத்துத் துடைத்து, துவரம் பருப்பும் உளுந்தும் கடலையும் விளிம்புவரை நிரப்பி மூடி வைக்கும்போது நெஞ்சில் ஒரு நிறைவு எழத்தான் செய்கிறது. புதுச் சாக்கைப் பிரிக்கையில் வரும் மணம் இருக்கிறதே, அதை எந்த வாசனைத் தைலமும் தந்துவிடாது. அந்த நிறைவின் வேர் ஆழமானது. தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நடுங்கிய 1876-78 பஞ்சத்தின் நினைவு அதில் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பங்கீட்டு அட்டையின் நினைவு உண்டு. அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு வாட்டியபோது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது 1967 தேர்தலின் பெரிய வாக்குறுதிகளுள் ஒன்றாயிற்று. அந்த நாள்களின் நினைவும் உண்டு. பானையில் அரிசி தீர்ந்துபோனாலும் 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லாமல், 'நிறைந்திருக்கிறது' என்றே சொல்லப் பழகிய வீடுகள் நம்முடையவை. இல்லாமைக்கு அஞ்சிய ஒரு தலைமுறையின் அச்சம் அது. மதிக்கத்தக்கதுங்கூட. ஆனால் அந்த அச்சத்தையே மூலதனமாக்கி, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று எழுதித் தொங்கவிடுகிறார்களே, அதைத்தான் நாம் எதிர்க்கின்றோம்.

'நம் முன்னோரும் ஆண்டுக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்கவில்லையா?' என்று கேட்பர் சிலர். வைத்தனர். எதை, எப்படி வைத்தனர் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா? குதிரிலும் குலுக்கையிலும் பத்தாயத்திலும் இருந்தது நெல்; அரிசி அன்று. நெல்லுக்கு உமி காவல். வேண்டும்போது வேண்டிய அளவை அவித்துக் குத்திக்கொண்டார்கள். உமியை உரித்துத் தவிட்டையும் தீட்டிவிட்ட வெள்ளரிசிக்கு எது காவல்? துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள். மாசி, பங்குனியில் வந்த புதுப்புளியைக் கொட்டை நீக்கி, கல்லுப்பு இட்டு, பானையில் அடைத்தார்கள். மிளகாயையும் மல்லியையும் கோடை வெயிலில் உலர்த்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் இருந்தது, ஒரு பக்குவம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வாய்கள் இருந்தன. நேற்று மாலை அறிவிக்கப்பட்டு நாளை மறுநாள் முடியப்போகும் தள்ளுபடிக்காக, ஐந்து கிலோ கோதுமை மாவை இருவர் வாழும் வீட்டுக்குத் தூக்கி வருவதற்கும் அந்தச் சேமிப்புக்கும் என்ன உறவு? அரைத்த மாவு நம் ஊர்ப் புழுக்கத்தில் எத்தனை நாள் கைப்பேறாமல் இருக்கும் என்பது சமைப்போருக்குத் தெரியும். வாங்கி வருவோருக்குத்தான் தெரிவதில்லை.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். கணவனும் மனைவியுமாக இருவர் நாளொன்றுக்கு நானூறு கிராம் அரிசி சமைத்தால், இருபத்தாறு கிலோ மூட்டை அறுபத்தைந்து நாள் வரும். இதுவாவது போகட்டும். சர்க்கரை நோயால் ஒரு வேளை மட்டும் சோறு உண்ணும் தனியொரு முதியவள் நாளுக்கு நூறு கிராம் வடிக்கிறாள் எனக் கொள்வோம். அவளுக்கு அதே மூட்டை 260 நாள் வரும். ஏறத்தாழ ஒன்பது மாதம். அரிசி வண்டுக்கு இந்தக் கணக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். பெண் வண்டு மணியைத் துளைத்து உள்ளே ஒரு முட்டையிட்டு, துளையை அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளியே வருகிறது. வெப்பமும் ஈரமும் உள்ள நாள்களில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஒரு வண்டே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டுவைக்கலாமே என்பர். போடட்டும். வெளியிலிருந்து வரும் வண்டை அவை ஓரளவு விரட்டக்கூடும். மணிக்குள் மூடிக் கிடக்கும் முட்டையை என் செய்யும்? மூன்றாம் மாதம் முதல் அந்த அம்மையாரின் காலைப்பொழுது முறத்தோடு கழிகிறது. புடைக்கும் கைவலியை எந்தத் தள்ளுபடிச் சீட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இருபத்தாறு கிலோ என்று நாம் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லவில்லை. அரிசி மூட்டை என்றால் இருபத்தைந்து கிலோ என்றே நாமெல்லாம் அறிந்திருந்தோம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்கப்படும் அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றின் மேல் ஐந்து விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. இருபத்தைந்து கிலோவும் அதற்கு உட்பட்டதுமான பொட்டலங்களுக்கு அந்த வரி உண்டு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு இல்லை. அவ்வளவுதான், ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி இருபத்தாறு கிலோ மூட்டைகளைத் தைத்து அனுப்பத் தொடங்கின. கிலோ அறுபது ரூபாய் எனக் கொண்டால், 25 கிலோ மூட்டைக்கு வரியோடு 1,575 ரூபாய். 26 கிலோ மூட்டைக்கு வரியின்றி 1,560 ரூபாய். ஒரு கிலோ கூடுதலாக எடுத்துச் செல்பவர் பதினைந்து ரூபாய் குறைவாகக் கொடுக்கிறார்! ஐந்து கிலோ பை வாங்கும் முதியவளோ 300 ரூபாய் அரிசிக்கு 15 ரூபாய் வரி கட்டுகிறாள். கட்டும் வலு உள்ளவருக்கு விலக்கு, அது குறைந்தவருக்கு வரி. இந்த விதியை வகுத்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. எண்ணாமல் செய்தார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு. சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லையே என்று விடை வரும். உண்மைதான். அளந்து கொடுக்கும் கடை எத்தெருவில் எஞ்சியிருக்கிறது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதாவது மெய்யா? கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து ஏழையின் கைக்கு எட்டச் செய்தார். அவ்வழி வந்த உறைகளைப் பத்து வாங்கிப் புட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல வேளைகளில் உறையே மலிவாக இருக்கும். (அந்த உறைகள் வாய்க்காலை அடைப்பது வேறு வழக்கு, அதை இன்று எடுத்தால் இன்று முடியாது.) 2024 ஜனவரி முதல் பொட்டலத்தின்மேல் அலகு விலையையும் அச்சிடுவது கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டந்தான். ஆயினும் ஒரு கிலோவுக்குக் குறைந்ததற்குக் கிராம் கணக்கிலும் அதற்கு மேற்பட்டதற்குக் கிலோ கணக்கிலும் அவ்விலையைக் குறிக்கவேண்டும் என்பது விதி. ஆதலால் சிறியதையும் பெரியதையும் ஒப்பிட விரும்புபவர், எறும்பளவு எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, ஆயிரத்தால் பெருக்கிப் பார்க்கவேண்டும். நெரிசலில் வரிசையில் நின்றுகொண்டு யார் பெருக்குவார்? 'பெரியது, ஆகவே மலிவு' என்று மனம் தன் கணக்கை முடித்துக்கொள்கிறது.

அடைத்து விற்பதெல்லாம் தீது என்றும் நாம் வாதிடவில்லை. 1998-இல் தில்லியில் கலப்படக் கடுகெண்ணெய் உண்டு பலர் மாண்டதை மறந்துவிட்டுச் சில்லறை எண்ணெயின் புகழ் பாடுவது பொறுப்பாகாது. முத்திரையிட்ட பொட்டலத்துக்கு நியாயம் உண்டு. அது ஏன் நம் வாய்க்கு ஏற்ற அளவில் இருக்கக்கூடாது என்பதே கேள்வி. கடலை எண்ணெயை ஐந்து லிட்டர் டப்பாவாக வாங்கித் திறந்து வைத்தால், மாதம் அரை லிட்டர் செலவாகும் வீட்டில் அது பத்து மாதம் காற்றோடு உறவாடும். கடைசி லிட்டர்களில் வீசும் சிக்கு வாடையைத் தாளிப்பின் மணத்தால் மறைத்துவிட முடியாது.

இனி, 'வெள்ளம் வந்தால், ஊரடங்கு வந்தால் என்ன செய்வது?' என்னும் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. 2023 டிசம்பரில் சென்னையிலும் பின்னர் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளிலும் வெள்ளம் சூழ்ந்தபோது, வீட்டில் நான்கு நாள் உணவு வைத்திருந்தவர்கள் அதன் அருமையை உணர்ந்தார்கள். அதே வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் மூட்டைகள் ஊறி நாறியதும் உண்டு. பத்து நாள் கையிருப்பு முன்மதி; இருநூற்றறுபது நாள் கையிருப்பு அச்சம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த நாள்களை நினைத்துப் பாருங்கள். பணமும் வண்டியும் உள்ளவர்கள் முந்திக்கொண்டு அலமாரிகளைத் துடைத்துவிட்டுப் போனார்கள். அன்றன்றைக் கூலியில் அன்றன்று அரைக் கிலோ வாங்குபவர் மாலையில் வந்தபோது வெறும் பலகையைத்தான் கண்டார். நாம் கூடுதலாக எடுத்து வந்த மூட்டை வானத்திலிருந்து விழுந்ததன்று.

இதைவிட நம்மைச் சுடும் வாதம் ஒன்று உண்டு. 'மிஞ்சினால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம்' என்று சொல்வோர் நம்மிடையே பலர். எதைக் கொடுக்கிறார்கள் என்று பங்கில் வின்சென்ட் தே பவுல் சபைப் பணி செய்வோரைக் கேளுங்கள். வண்டு விழுந்த ரவை, நாள் கடந்த சேமியா, கட்டிதட்டிய பால்மாவு. அக்காலத்தில் நம் அன்னையர் ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்களே, அந்தப் பிடியரிசி உண்ணுமுன் எடுத்தது. தமக்கென வைத்திருந்த அதே அரிசியிலிருந்து எடுத்தது. இன்றைய நம் கொடையோ நாம் தின்னமுடியாததைத் திருக்கோவில் வாசலில் இறக்கி வைப்பது. தமக்கு ஆகாததைப் பிறருக்கு அளிப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. அது தருமம் அன்று.

நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரின் புனித பசிலியார், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனைப் பற்றி மறையுரை ஆற்றியபோது, நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்ற கருத்தை ஈவிரக்கமின்றி எடுத்துரைத்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று, வீசியெறியும் உணவு ஏழையின் மேசையிலிருந்து களவாடியதற்கு ஒப்பு என்று கூறினார். 2022-இல் உலகெங்கும் வீணான உணவு 105 கோடி டன் எனவும், அதில் அறுபது விழுக்காடு வீடுகளிலிருந்தே சென்றது எனவும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணித்துள்ளது. உணவகங்களையும் திருமண மண்டபங்களையும் சாடுவது நமக்கு எளிது. பெரும்பங்கு நம் அடுக்களைக் குப்பைக்கூடையில் இருக்கிறது.

விவிலியத்தில் சேமிப்பு முழுவதும் பழிக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். பஞ்சம் வந்ததும் அந்தக் களஞ்சியங்களைத் திறந்தார். பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோதோ ஆளுக்கொரு ஓமர் என்பதே அளவு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை அளவு. தனித்திருப்பவனும் தலைக்கு ஓர் ஓமர், பத்துப் பேர் உள்ள கூடாரமும் தலைக்கு ஓர் ஓமர். விடியும்வரை வைத்தவர்களின் மன்னா புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முன்தினம் மட்டும் இருமடங்கு எடுக்கலாம், அது கெடாது. உண்பவரை எண்ணித்தான் அங்கே அளக்கப்பட்டது. நம் காலத்திலோ மூட்டையை முதலில் தைத்துவிட்டு, உண்பவரைப் பிறகு தேடுகிறார்கள்.

லூக்கா நற்செய்தியில் அந்தக் களஞ்சியச் செல்வனின் உவமை எப்போது பிறக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சொத்தைப் பங்கிட்டுத் தருமாறு தன் சகோதரனுக்குச் சொல்லும்படி ஒருவன் ஆண்டவரிடம் கேட்கிறான். அதன் பின்னரே அவ்வுவமை வருகிறது. பங்கு என்னும் சொல்லை நாம் ஞாயிறுதோறும் உச்சரிக்கின்றோம். பங்குக் கோவில், பங்குப் பேரவை, பங்குத்தந்தை. பண்டிகைக்கு ஆட்டை அறுத்துக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்ளும் ஊர்களில் அதே சொல்லுக்கு உள்ள பொருளையும் நாம் அறிவோம். ஆட்டைக் கூறு போடத் தெரிந்த நமக்கு அரிசி மூட்டையைக் கூறு போடத் தெரியாமற் போனது எப்படி?

ஒவ்வொரு பங்கிலும் இருபது முப்பது வீடுகள் கொண்ட அன்பியங்கள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை கூடுகின்றோம். செபமாலை, இறைவாக்குப் பகிர்வு, தேநீர், கலைதல். அந்தக் கூட்டத்தில் ஒரு மூட்டையையும் ஒரு தராசையும் நடுவில் வைத்தால் என்ன? மொத்த விலையின் நன்மை, வரிவிலக்கின் நன்மை எல்லாம் முழுமையாகக் கிட்டும். தனித்திருக்கும் முதியவளுக்கு மூன்று கிலோ, தம்பதியருக்குப் பத்துக் கிலோ, அறையில் தங்கும் செவிலியர் இருவருக்கு ஐந்து கிலோ. மாலைக்குள் மூட்டை காலி. வண்டுக்கு நேரமே இராது. இதற்குச் சங்கம் பதிவு செய்யவேண்டியதில்லை, தலைவர் தேர்தலும் வேண்டியதில்லை. இரும்புத் தராசோ மின்தராசோ ஒன்று போதும்.

தெருமுனையில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சி கடைகளையும் நாம் கைவிடலாகாது. அங்கே கேட்ட அளவு கிடைக்கும். ஆனால் கேட்பதற்கு இப்போது நமக்கே வெட்கமாயிருக்கிறது. நூறு கிராம் உளுந்து, கால் கிலோ சர்க்கரை என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர் காதில் விழுந்ததோ என்று திரும்பிப் பார்க்கும் முதியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். பேரங்காடியிலோ அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை, ஏனெனில் சிறிய பொட்டலமே அலமாரியில் இல்லை. கூச்சப்பட்டவர் பெரியதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். தன் வயிற்றின் அளவைச் சொல்ல ஒரு மனிதர் ஏன் நாணவேண்டும்? தனியாகிவிட்டோம் என்பதை ஊரறியச் சொல்லவேண்டியிருக்கிறதே என்பதுதானே அந்த நாணம்? மூட்டையோடு வீடு திரும்பினால், பிள்ளைகள் இன்னும் உள்ளே படித்துக்கொண்டிருப்பதாக ஒரு தோற்றமாவது மிஞ்சுகிறது போலும்.

அன்பியத்தில் பிரித்தால் சச்சரவு வராதா என்று கேட்பீர்கள். வரும். புழுங்கலா பச்சரிசியா, புதியதா பழையதா, இட்லிக்கு ஆகுமா ஆகாதா என்று முதல் மாதமே தொடங்கும். மூட்டையின் அடியில் தங்கும் குறுநொய் யாருக்கு என்பதிலும் மனத்தாங்கல் எழக்கூடும். கோழி வளர்க்கும் வீடு எதுவோ அதற்குக் கொடுத்துவிடலாம் என்பது நம் யோசனை. மற்றதை அந்தந்த அன்பியமே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.